கிளறன்ஸ் மனமடக்கிய படலம்

வெல்க விரல்வேந்தன்! பவுடர் தூவிய பலகைக்களத்தில் சுட்டுவிரல் ஒன்றையே வேலாகவும் வில்லாகவும் கொண்ட வீரன், துறைமுகக் கிடங்கில் சாக்கு அடுக்கும் தோள்வலியோன், ஐறீனின் கைப்பிடித்த கணவன், கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ் வெல்க! கடலே, கொஞ்சம் சத்தத்தைக் குறை. சொல்லப்போவது அவன் தன் மனத்தோடு பொருத மாபெரும் போர்.

கோயில் திருநாளுக்கு நடக்கும் கரம் பலகைப் போட்டியில் அரையிறுதிவரை அவன் சிங்கம். இறுதியாட்டத்தில் எதிரே மச்சாள் டோரின், ஐறீனின் மூத்த சகோதரி, சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து குந்தினாளோ இல்லையோ, அந்தச் சிங்கத்தின் விரல் மழையில் நனைந்த கோழிபோல நடுங்கும். அவளோ மூச்சும் அடக்காள், தியானமும் செய்யாள். சூரை மீன் விற்கிற விலையைப் பக்கத்துக்காரியோடு கதைத்துக் கதைத்தே காயைக் குழிக்குள் தள்ளும் கொற்றவை. வருஷா வருஷம் தோல்வி. கடைசியில் ஐறீன் சபதம் உரைத்தாள்:

"இஞ்ச பாருங்கோ, இந்த முறையும் அக்காட்டத் தோத்தீங்களெண்டா, அந்தக் கரம் போட்டுக்கு மேல பழைய பெட்சீற்றை விரிச்சு நான் அயன் பண்ணுவன். சொல்லிப்போட்டன்."

நாயகன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டான். உயிர் போனாலும் போகட்டும், பலகை போகலாமா?

அப்போதுதான் வானொலியில் யாரோ ஒரு பயிற்சியாளர் திருவாய் மலர்ந்தார்: ஒருநாள் வெல்பவன் அதிர்ஷ்டசாலி, எந்நாளும் வெல்பவன் மனத்தை ஆண்டவன், கண்ணை மூடிக் களத்தைக் காண்க, ஒவ்வொரு அடிக்கும் முன் ஒரே மூச்சு, ஒரே சைகை, ஒரே சொல். கிளறன்ஸ் அன்றே தவம் தொடங்கினான். காதைத் தொடுவான், மூச்சை இழுப்பான், "நான் மலை" என்று முணுமுணுப்பான்.

"மலை சாப்பிட வரட்டாம்" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

வடக்கே சண்டை, வானத்தில் மழையில்லை. நீர்த்தேக்கமெல்லாம் வற்றி, பொழுதுபட்டால் கொழும்பு முழுக்கக் கரண்ட் வெட்டு. கோழைகள் மெழுகுதிரி தேடினார்கள். நம் மலையோ இருட்டையே குருவாகக் கொண்டது. தேயிலைப் பெட்டிமேல் பலகை. பெட்டிக்குக் கீழே, பழைய வீடு ஆனபடியால், தெருவோரச் சாக்கடைக் கானை நோக்கிச் சரிந்த நிலம். நேரே அடித்த ஸ்ட்ரைக்கர் வலப்பக்கம் வழுக்கும். ஆகவே ஒரு விரலளவு இடப்பக்கம் குறிவைத்தான். அடித்தடித்து அந்த ஒரு விரலளவு அவன் எலும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. கும்மிருட்டில் காய்கள் விழுந்தன, விழுந்துகொண்டே இருந்தன. செருக்குற்றவன் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் முழங்கினான்:

"மச்சாள், இனி எனக்குக் கண்ணே தேவையில்லை!"

"அப்ப கண்ணாடி வாங்கிற செலவு மிச்சம்" என்றாள் டோரின்.

திருநாளும் வந்தது. ஜம்பட்டா வீதி சோதனைச்சாவடியில் அடையாள அட்டையோடு பவுடர் டின்னையும் திறந்து காட்டும்படி ஆயிற்று. தூளை மோந்து பார்த்துத் தும்மிய சிப்பாய், "கரம்த? தினலா என்ன, மல்லி" என்று சிங்களத்தில், வென்றுகொண்டு வரும்படி வாழ்த்தி அனுப்பினான். அரசே ஆசீர்வதித்தபின் அஞ்சுவானேன்?

மண்டபம் கடல்போல் ஆர்ப்பரிக்க, காது தொட்டு, மூச்சிழுத்து, மலையாகி, இடிபோல் அடித்தான் கிளறன்ஸ். விரல் நடுங்கவில்லை! வெளிச்சத்தில் கண் வழிகாட்ட, வெள்ளைக்காய்கள் புறமுதுகிட்டுக் குழிக்குள் ஓடின. சிவப்பும் அவனுக்கே. டோரின் முதல்முறையாக மீன் கதையை நிறுத்தினாள். இறுதியில் அவனுக்கு ஒரே ஒரு வெள்ளை, குழிவாயில். அதற்கு இடப்பக்கம், அடுத்தாற்போல், அவளுடைய கடைசிக் கறுப்பு. அவன் கை ஓங்கிய அக்கணம் கரண்ட் போயிற்று.

"பொறுங்கோ, பெற்றோமாக்ஸ் கொண்டுவாறன்" என்று எழுந்தார் நடுவர் ஒஸ்வால்ட்.

இருளுக்குள்ளிருந்து கொற்றவையின் குரல்: "ஏன் ஒஸ்வால்ட் அண்ணை? மலைக்குக் கண் தேவையில்லையாம்."

அடடா, அந்தச் சொல் அம்பு! சிரிப்பலை எழுந்தது. ஐறீனின் சிரிப்பும் அதில் தனியாகக் கேட்டது. "லைற் வேண்டாம்!" என்று கர்ச்சித்தான் கிளறன்ஸ். காதைத் தொட்டான். மூச்சை இழுத்தான். மூடிய கண்ணுக்குள் பலகை பட்டப்பகல்போல் விரிந்தது: அதே பலகை, அதே தேயிலைப் பெட்டி, அதே சரிவு. நடுக்கமில்லா விரல், தவத்தில் பழகிய தப்பாத விரல், என்றும்போல் ஒரு விரலளவு இடப்பக்கம் பெயர்ந்து, விட்டது ஒரு அடி.

டொக்! குழிக்குள் காய் விழுந்த ஓசை, மண்டபமெங்கும் கேட்டது.

"மனம் வென்றது!" என்று இரு கையும் தூக்கி எழுந்து நின்றான் வீரன். மேசைகள் அதிர்ந்தன, விசில்கள் பறந்தன, இருட்டில் யாரோ அவனைத் தோளில் தூக்கவும் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்தே அவன் கண்டான், பெற்றோமாக்ஸ் உள்ளே வர, கோயில் மண்டபத்தின் சமதளத்தில், சரிவென்பதே அறியாத பலகையில், தன் வெள்ளைக்காய் அசையாமல் குழிவாயில் குந்தியிருப்பதை.

ஒஸ்வால்ட் குழிக்குள் கைவிட்டுக் கறுப்பை எடுத்துக் காட்டினார்.

"தாங்ஸ், கிளறன்ஸ்" என்றாள் டோரின். "நான் எப்பிடிப் போடுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

தோளில் தூக்கியவர்கள் மெல்ல இறக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஐறீன் வீட்டுக் கரம் பலகையில் அவனுடைய வேலைச்சட்டையை அயன் பண்ணினாள்.