கப்பல்காரரின் முதல் வெற்றிலை

கொல்லிமலையில் கடலைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி தப்பு. வளப்பூர் நாடு என்ற மலைப்பகுதியில் மிளகும் பலாவும் வைத்திருக்கும் அவரை மலை முழுக்க 'கப்பல்காரர்' என்றே கூப்பிடுவார்கள். கப்பலில் அவர் கால் வைத்ததில்லை. வாலிபத்தில் நாகப்பட்டினம் போய், அக்கரைப்பேட்டையில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போட்டிருக்கிறார். மலையில் அதுவே கப்பல் ஓட்டியதற்குச் சமம்.

நான் அதே மலையில் செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம், வெளிப்பாளையம். இதைத் தெரியாத்தனமாக ஒருநாள் அவரிடம் உளறிவிட்டேன். மிளகுக் கன்று விஷயமாக வந்த மனுஷன் கன்றை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து என் ஊரைப் பற்றி எனக்கே பாடம். நாகூரில் நின்று பார்த்தால் வேளாங்கண்ணி தெரியும் என்பார். தெரியாது என்பேன். நான் அப்போது சின்னப் பையன், எனக்கு உயரம் பத்தியிருக்காது என்பார். வீட்டுக்குப் போய் யோசிப்பேன், ஒருவேளை தெரியுமோ என்று. அவரோடு பத்து நிமிஷம் பேசினால் சொந்தப் பெயரே சந்தேகமாகிவிடும்.

இன்னொரு குழப்பம், அவர் எதையும் 'இருந்தது' என்று சொல்ல மாட்டார். துறைமுகத்தில் ராணியக்கா என்று ஒருவர் இட்லிக்கடை வைத்திருந்தாராம். இவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கடைக்குப் பின்னால் கட்டில் போட்டுப் படுக்க வைத்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாராம். இடது புருவத்துக்கு மேல் எண்ணெய் தெறித்த தழும்புள்ள அந்த அக்காவைப் பற்றி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எல்லாம் இன்றைக்கு நடப்பது போலவே சொல்வார். மூன்று மணியானால் போதும், ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, "ராணியக்கா இந்நேரம் மாவு கரைச்சிட்டிருப்பாங்க சார்" என்பார்.

அவர் பெண்ணுக்கு எடப்புளி நாட்டில் நல்ல இடம் அமைந்தது. கூடவே வில்லங்கமும் வந்தது. கப்பல்காரருக்குக் கூடப் பிறந்த பெண் கிடையாது. தன் மகளுக்கு அத்தை ராணியக்காதான், அத்தைக்கு முதல் வெற்றிலை வைத்து அழைக்காமல் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாட்டேன் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். யாரும் கண்ணால் பார்க்காத அத்தைக்காக எத்தனை நாள் காத்திருப்பது? ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அவர் மனைவி என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினார். சரி, நானும் ஊர்ப்பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது, சுனாமி அலை வந்த பிறகு எங்கள் வீட்டாரும் தஞ்சாவூரோடு போய்விட்டார்கள், ஒரு நடை கூட்டிப் போகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையும், மடியில் ஒரு முழுப் பலாப்பழமுமாக பஸ் ஏறினார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அவர் பக்கோடா சாப்பிட்டுக்கொண்டு வந்தார். திருச்சி தாண்டிச் சாலை நேரானதுதான் தாமதம், மனுஷன் முகம் வெளுத்துத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். எலுமிச்சம்பழம் கை மாறியது.

"வளைவே காணமுங்களே சார். இப்படி ஒரே நேரா போனா வயிறு எப்படிங்க தாங்கும்?"

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் எனக்கே திசை தெரியவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை. அல்லது நான் நின்ற இடம் தப்பு. கப்பல்காரரோ ஒவ்வொரு முக்கிலும் நின்று, இல்லாத கட்டடத்துக்கெல்லாம் பெயர் சொன்னார். அக்கரைப்பேட்டைக்கு ஆட்டோ பேசினால், முதலில் நாகூர் பார்த்துவிடலாம் என்றார். நாகூர் போனோம். அங்கிருந்து சிக்கல் கோயில். சிக்கலிலிருந்து வேளாங்கண்ணி. கோயிலுக்குக் கோயில் பலாப்பழமும் வந்தது. நாகூரில் அதைக் காணிக்கை என்று நினைத்து ஒருவர் வாங்கக் கை நீட்டினார். வேளாங்கண்ணியில் ஓர் அம்மா கிலோ என்ன விலை என்று கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெற்றிலை வைக்க வந்தீர்களா, சுற்றுலா வந்தீர்களா என்று நடுரோட்டில் கத்திவிட்டேன்.

அவர் பலாப்பழத்தைக் கீழே வைத்தார்.

"இருக்காங்களோ இல்லீங்களோ தெரியாதுங்க சார். அலை வந்த நாள்ல இருந்து நான் யாருகிட்டயும் கேட்டதில்லீங்க. கேக்காத வரைக்கும் இருக்காங்கல்லீங்க."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நானே பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அக்கரைப்பேட்டையில் அவரைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் நான் விசாரித்தேன். இட்லிக்கடை ராணியக்காவா, நல்லா இருக்கே, அலைக்கப்புறம் கட்டின வீட்டுல இருக்கு என்று கை காட்டினார். கப்பல்காரரிடம் சொன்னேன். அப்படியே சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

கதவைத் திறந்த வயசான அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து நின்ற எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "சாப்புட்டியா தம்பி?" என்றார்.

கப்பல்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐஸ், காமாலை, கட்டில், கீழாநெல்லி எல்லாவற்றையும் ஒப்பித்தார். எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கேன், ஞாபகம் வரலியே தம்பி என்றார் அந்த அம்மா. நான் கப்பல்காரரைப் பார்த்தேன். இவரோ கொஞ்சமும் அசராமல் வெற்றிலையை அவர் கையில் வைத்து, பலாப்பழத்தைக் காலடியில் வைத்தார். மகளுக்கு நீங்கள்தான் அத்தை, வந்து நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்றார். அம்மா வெற்றிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். கடைசியில் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வருகிறேன் என்றார்.

சொன்னபடி கல்யாணத்துக்கு வந்தும் விட்டார். எழுபது வளைவுக்கும் என் எலுமிச்சம்பழம் அவரிடம்தான் இருந்தது. மேடையில் ஏறியதும் தெம்பு வந்து, நாத்தனார் அதிகாரம் அத்தனையும் செலுத்தி, கப்பல்காரரின் மனைவியை விரட்டு விரட்டென்று விரட்டினார். தாலி கட்டி முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தத் தம்பி வேற யாரோன்னு நெனச்சு என்னைக் கூட்டியாந்துருச்சு போல சார். துறைமுகத்துல இன்னொரு ராணியும் கடை வச்சிருந்துச்சு. சொல்லிராதீங்க, பாவம், மனசு ஒடஞ்சிரும்."

அப்போதுதான் அந்த அம்மாவின் புருவத்தைப் பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், எதிலும் தழும்பில்லை. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கப்பல்காரரை ஓரமாக இழுத்துப் போய், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் புருவம், புருவம் என்று தடுமாறினேன்.

"தெரியுமுங்க சார். கதவு தொறந்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்யா வெத்தலைய வச்சீங்க?"

"வாசல்ல நின்னவன யாருன்னு கேக்கல, சாப்புட்டியான்னு கேட்டாங்களே. வேற எப்படிங்க சார் இருப்பா அத்தை?"

அந்த இன்னொரு ராணியக்கா என்ன ஆனார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"இந்நேரம் மாவு கரைச்சிட்டிருப்பாங்க சார்."

"ஆமாம், மணி மூணாச்சு இல்ல" என்றேன். அவருடைய நாகப்பட்டினத்தை நான் மறுத்துப் பேசாமல் விட்டது அன்றைக்குத்தான்.