அளியன் விற்ற பிக்கப்பின் கிளட்ச்

கையில் போனும் அதில் நெட்டும் இருந்தால், மூன்றே நாளில் எவனும் அறிஞனாகிவிடலாம். பழைய பிக்கப் வண்டியின் கிளட்ச் விஷயத்தில் நான் அப்படித்தான் ஆனேன்.

வண்டி என் மனைவி ஷீபாவின் அண்ணன், அதாவது என் அளியன் வின்சென்ட், பத்து வருடம் ஓட்டியது. அதை அவரிடம் வாங்கி, எங்கள் ஊர் காரோட்டிலிருந்து நெய்யாற்றின்கரை சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தேன். (லைசன்ஸ் எடுத்த பிறகு அதுவரை நான் ஓட்டியதெல்லாம் கியரில்லாத ஸ்கூட்டர்தான்.)

நாலாம் மாதம் வண்டி ஏற்றத்தில் திணறியது. கியரைக் குறைத்தாலும் எஞ்சின் அலறியதே தவிர, வண்டி சப்பரம்போல நகர்ந்தது. கூடவே தீய்ந்த வாடை. வீடியோவில் சொன்னபடி முற்றத்தில் சோதனை வைத்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லை.

"கிளட்ச் பிளேட்டு போச்சு. ஒனக்க அண்ணன் தெரிஞ்சே நம்ம தலையில கெட்டியிருக்காரு."

"அண்ணன் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல," என்றாள் ஷீபா.

"ஆளு எப்பிடியும் இருக்கட்டு. பிளேட்டு சொல்லுதுல்லா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்து நாளில் அளியனின் மகளுக்குக் கல்யாணம். அவர் தப்பை ஒத்துக்கொள்ளும்வரை அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். ஷீபா அண்ணனுக்குப் போன் போட்டாள். மூன்றாம் நாள் அளியனே வந்தார்.

"வா மக்கா, பாறசாலையில மணியன்கிட்ட காட்டுவம். அவன் சொல்லுததாக்கும் முடிவு."

மெக்கானிக் மணியன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பிளேட்டு கரிஞ்சாச்சு."

நான் அளியனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தூக்குத்தண்டனை கொடுக்கும் நீதிபதிகூட அப்படிப் பார்க்க மாட்டார்.

"இனி நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க சேட்டா," என்றார் மணியன்.

நடுவில் அவர், ஜன்னலோரம் அளியன். காரக்கோணம் சாலையில் இருவருக்கும் கிளட்ச் பற்றி வகுப்பெடுத்தபடியே ஓட்டினேன். மணியன் சாலையைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேட்டா, அந்த எடது காலு எப்பவும் கிளட்சுக்க மேலதான் இருக்குமா?"

"பின்ன எங்க வைக்க?" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

அளியன் முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. காலின் கனத்திலேயே கிளட்ச் பாதி விலகிவிடும், பிளேட் உரசி உரசிக் கரியும் என்று மணியன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பத்து வருடம் உழைத்த பிளேட்டை நான் நாலு மாதத்தில் சுட்டுத் தின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அளியன் தங்கையிடம், "வண்டி பழசுல்லா, குத்தம் எனக்கதான்," என்றார். அந்தப் பெருந்தன்மை தாங்காமல் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. இப்போது மிக்சி நின்றாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஷீபா முதலில் கேட்பது ஒன்றுதான்:

"உங்களுக்க காலு எங்க இருந்துது?"