டீச்சரம்மா வாங்க மறுத்த பணம்

டீச்சரம்மாவின் பணம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

ஒரு மேசை விசிறியின் விலை அது. கழுத்து நிற்காமல் தொங்குகிறது என்று டீச்சரம்மா விசிறியைத் திருப்பி அனுப்பிவிட்டார். விசிறி ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது, பணம்தான் போய்ச் சேரவில்லை. அவர் பணம் கட்டிய கார்டு தொலைந்துபோய், வங்கி அதை முடக்கியிருந்தது. இல்லாத கார்டுக்கு அனுப்பும் பணம், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி இரண்டே நாளில் திரும்பிவிடும்.

விசிறியை விற்ற கம்பெனியில் பணம் திருப்பித் தரும் பிரிவு என்பது ஒரே ஒரு ஆள். எல்லோரும் அவரை ‘ரீஃபண்டு’ என்றே கூப்பிட்டார்கள். நல்லவர், ஆனால் எதற்கும் பதறுவார். இன்றைக்குப் பதறக் காரணமும் இருந்தது. அவருடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

“அஞ்சு மணிக்குள்ள உன் பிரிவுல ஒரு பாக்கியும் இருக்கக் கூடாது. இருந்தா கையெழுத்தும் இருக்காது” என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

கடிதம் இல்லாவிட்டால் வீடு இல்லை. நிரந்தர வேலையில் இருப்பவருக்குத்தான் வாடகைக்குத் தருவேன் என்று புது வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். நாளைக் காலை கடிதத்தையும் முன்பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூன்று குடித்தனத்துக்கு ஒரே குளியலறை உள்ள வீட்டில், தினமும் வாளியோடு வரிசையில் நின்றபடி ரீஃபண்டும் மனைவியும் இரண்டு வருடமாகச் சேர்த்த முன்பணம் அது. அது வங்கியில் பத்திரமாக இருந்தது. கடிதம்தான் பாக்கி.

டீச்சரம்மாவுக்கு போன் போட்டார்.

“அம்மா, உங்க விசிறிப் பணத்தை நேரா பேங்குக்கே அனுப்பிடறேன். அக்கவுண்ட் நம்பர் மட்டும் சொல்லுங்க.”

“தம்பி, முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவ நான். அக்கவுண்ட் நம்பர் கேக்கறவன் திருடன்னு பேங்க்லயே எழுதி ஒட்டியிருக்கான்.”

“நான் கேக்கறது கொடுக்கறதுக்கும்மா.”

“எல்லாத் திருடனும் கொடுக்கறதுக்குத்தான் கேப்பான்.”

போன் வைக்கப்பட்டது. அதே நேரம் அவருடைய சொந்த போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, பாஸ்புக்கும் கார்டும் எங்க வச்சீங்க? பாப்பாவோட ஸ்கூல் பை விஷயமா—”

“பீரோவுல, மேல்தட்டு. தலை போற வேலைல இருக்கேன், வை.”

தன்னை நிரூபித்துவிட்டால் டீச்சரம்மா நம்பிவிடுவார் என்று ரீஃபண்டுக்குத் தோன்றியது. மறுபடி அழைத்தார். விசிறி வாங்கிய தேதியைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார், வீட்டு விலாசத்தைச் சொன்னார். ஆர்வம் தாங்காமல், பார்சல்காரர் குறிப்பில் எழுதியிருந்ததையும் படித்தார்.

“பச்சை கலர் கேட். இரண்டாவது மாடி. மத்தியானம் தூங்குவாங்க, பெல் அடிக்கக் கூடாது. சரிதானேம்மா?”

மறுமுனையில் கதவைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

“தனியா இருக்கறவ எப்பத் தூங்கறான்னு வரைக்கும் நோட்டம் பாத்திருக்கியா? இனிமே நான் மத்தியானம் தூங்க மாட்டேன்.”

“அம்மா, என்னை நம்பவே வேண்டாம். விசிறி வாங்கின பில்லுல கம்பெனி நம்பர் இருக்கும். அதுல நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க” என்று ரீஃபண்டு கெஞ்சினார்.

டீச்சரம்மா கூப்பிட்டார். கால் மணி நேரம் பாட்டுக் கேட்டார். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, ஒருவழியாகப் பணம் திருப்பித் தரும் பிரிவைப் பிடித்தார். அந்தப் பிரிவில் இருப்பதே ஒரு ஆள்தானே.

“வணக்கம், ரீஃபண்ட் பிரிவு” என்றார் ரீஃபண்டு.

“அடப்பாவி, கம்பெனி நம்பரையும் பிடிச்சிட்டியா?”

மணி மூன்று. மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் ஈ ஆடவில்லை.

“நம்ம கம்பெனி பேரைச் சொல்லி எவனோ ஒருத்தன் கஸ்டமரை ஏமாத்தறானாம். ஒரு டீச்சரம்மா மெயில் போட்டிருக்காங்க. மேலிடத்துக்கும் போயிருச்சு. அவன நீதான் கண்டுபிடிக்கணும்.”

“சார், அது நான்தான்.”

“விளையாடாத. அந்த ஆள் குரல்ல ஒரே பதட்டமாம். நேர்மையானவன் ஏன்யா பதறப் போறான்?”

ரீஃபண்டு வாயைத் திறந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவிதான். மேனேஜர் மெயிலைத் திரும்பப் படிக்கும் நேரத்தில், ரீஃபண்டு சுவர்ப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

“என்ன?”

“உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்காம். அந்தப் பைக்காரர் லைன்லயே நிக்கறாருங்க.”

‘நிக்கறாரு’ என்பது மட்டும் காதில் விழ, வாசலில் பார்சலோடு யாரோ நிற்பதாக நினைத்துக்கொண்டார். திரையின் மேல் ஓரத்தில் தெரிந்த ஆறு எண்களை மெல்லப் படித்துவிட்டு வைத்தார்.

“டீச்சரம்மாவுக்குப் பதில் எழுதிட்டேன். சந்தேகம்னா நேர்ல வாங்கன்னு விலாசமும் கொடுத்திருக்கேன். வந்தா அந்தத் திருடனப் பத்தி நீயே விசாரி” என்றார் மேனேஜர்.

தன்னைத் தானே பிடித்துக்கொடுக்கும் வழி தெரியாமல் ரீஃபண்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மணி நான்கு. நான்கே கால். மேசையில் இருந்த டம்ளரை மூன்று தடவை எடுத்துக் குடித்தார், மூன்று தடவையும் அது காலியாகத்தான் இருந்தது.

நாலரைக்குக் கையில் குடையோடு டீச்சரம்மா வந்து நின்றார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி.

“வணக்கம், ரீஃபண்ட் பிரிவு” என்று பழக்கதோஷத்தில் எழுந்தார் ரீஃபண்டு.

டீச்சரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துப் படித்தார். பக்கத்து மேசைக்காரரிடம், “இவர் நெஜமாவே இங்கதான் வேலை பாக்கறாரா?” என்று விசாரித்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு துண்டுச் சீட்டில் கையால் மறைத்துக்கொண்டே எண்ணை எழுதி நீட்டினார்.

“அடிச்சு முடிச்சதும் சீட்டத் திருப்பிக் கொடுத்துடணும்.”

நான்கு ஐம்பத்தைந்துக்கு டீச்சரம்மாவின் கைப்பையில் போன் மணி ஒலித்தது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ரீஃபண்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காத தம்பி. நல்லா பேசறவனத்தான் நம்பக் கூடாது. உனக்குப் பேசவே வரல, நான்தான் அத முதல்லயே கவனிச்சிருக்கணும்” என்று சீட்டை வாங்கி நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்த ஏமாற்றுக்காரனை நாளைக்குத் தேடலாம் என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரீஃபண்டு சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடிதத்தை மனைவியின் கையில் கொடுத்ததும் அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் டீச்சரம்மா கதையை ஒன்று விடாமல் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“நாள் பூரா உங்களத் திருடன்னே சொன்னாங்களா? சே, என்ன மனுஷங்க.”

“விடு. புதுப் பை வந்துருச்சா?”

“பை எங்க வந்துச்சு? கிழிஞ்சு இருக்குன்னு போன வாரமே திருப்பி அனுப்பிட்டேனே. அதுக்குக் கார்டுல போட்ட பணம் திரும்பி வந்துருச்சாம், வேற வழியில போடறேன்னு ஒருத்தர் காலைலேருந்து கூப்பிட்டுட்டே இருந்தாரு. நல்லா தன்மையா பேசினாரு. வந்துருச்சான்னு பாருங்க.”

ரீஃபண்டு போனை எடுத்தார். மத்தியானம் வந்த ஆறு எண்களுக்குக் கீழே, ‘இதை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று இருந்தது. அதற்கடுத்து வங்கியிலிருந்து இன்னொரு செய்தி. முன்பணம் இருந்த இடத்தில் ஒரு சைபர் இருந்தது.

அவர் செய்தியை இரண்டாவது தடவையும் படித்தார். “யாரோ ஒருத்தன் கேட்டா... கார்டு நம்பரைக் கொடுத்துடுவியா?”

“அவரும் நீங்க பாக்கற வேலையத்தானேங்க பாக்கறாரு, பாவம்” என்றாள் மனைவி. “நாமளே நம்பலேன்னா அவர வேற யாருங்க நம்புவாங்க?”