முன்கூட்டியே டிக் அடித்த குடும்பம்

ஒரு குடும்பத்தை ஒழுங்காக நடத்த ஒரு பேனாவும், ஓர் அட்டையும், அட்டையில் தாளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளிப்பும் போதும். இந்த உண்மையை உலகுக்குச் சொன்னவர் ஒரு நிபுணர். நம் கதையின் தலைவரான பதிவறைக் கண்காணிப்பாளர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு அவர் ஒரு நாள் வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடிக் கவனித்தார்கள். கண்காணிப்பாளர் கண்ணைத் திறந்துகொண்டே கவனித்தார்.

"எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். முடிந்ததும் டிக் அடியுங்கள். அப்புறம் வீடு தானாக நடக்கும்" என்றார் நிபுணர்.

அந்தத் 'தானாக' கண்காணிப்பாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் தொங்கியது. குளியலறைக் கதவில் ஒன்று, செருப்பு வைக்கும் அலமாரியில் ஒன்று. எந்தப் பட்டியல் எங்கே தொங்குகிறது என்று தெரிவிக்க, கூடத்துச் சுவரில் பட்டியல்களின் பட்டியல் ஒன்று. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்த அவர் மனைவி, கைப்பையை இறக்காமலேயே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, இது வீடா, ஆபீஸா?"

"இனிமே ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது" என்றார் அவர் பெருமையாக.

"குளியலறையில 'குளித்தவர் குளித்தாரா'ன்னு இருக்கே?"

"உள்ள போறவங்க எல்லாரும் குளிக்கறாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரத்துக்காகவே அவள் ஒரு முறை குளித்துவிட்டு வந்து டிக் அடித்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: முதல் மூன்று நாள் வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. மகளின் காலுறைகள் ஜோடியாகக் கிடைத்தன, சாவி ஆணியில் தொங்கியது. இத்தனைக்கும் ஆறு வருஷமாக எந்தச் சாவியையும் அந்த ஆணியில் யாரும் கண்டதில்லை. மனைவிக்கே மனசு இளகிவிட்டது. ஒரு கனமான உறையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"எங்க நிலையத்துக்குப் புது மெஷின் வரப் போகுது. அதை ஓட்டறதுக்கு மூணு மாசப் பயிற்சி. ஆறு வருஷமா இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த விண்ணப்பத்தை நேர்ல கொண்டு போய்க் குடுக்கணும். எனக்கு ரெண்டு வாரமும் இரட்டை ஷிப்ட். நீங்கதான் குடுக்கணும். இது ஒண்ணுதான் நான் உங்ககிட்ட கேக்கறது."

"மறக்கவே வழியில்லம்மா. இதோ, ஏத்திட்டேன்" என்று அவர் அவள் கண்ணெதிரே எழுதினார். வரிசை எண் முப்பத்தேழு: விண்ணப்பம் கொடுத்தாயிற்றா?

நாலாம் நாள் பால் பொங்கியது. பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, தரைக்கு இறங்கியது. பதினொரு வயது மகள் அட்டையும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"பொங்கறதைப் பார்த்துக்கிட்டே நின்னியா?"

"பட்டியல்ல 'பால் பொங்கியதா'ன்னுதானேப்பா கேட்டிருக்கு? பொங்காம எப்படி 'ஆம்'னு போடறது?"

கண்காணிப்பாளர் யோசித்துப் பார்த்தார். குழந்தையின் மேல் தவறே இல்லை. விதிமுறையில்தான் தெளிவு போதவில்லை. உடனே திருத்தம் ஒன்று வெளியிடப்பட்டது: 'பால் பொங்குவதற்கு முன் அடுப்பு அணைக்கப்பட்டதா?' மறுநாள் மகள் பாலை அடுப்பில் வைத்த கையோடு அணைத்தாள். பொங்குவதற்கு முன் என்றால் முன்தான். அன்று வீட்டில் எல்லோரும் பச்சைப் பாலில் காபி குடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திருத்தத்துக்குத் திருத்தம், அதற்கு இணைப்பு, இணைப்புக்கு விளக்கம் என்று வளர்ந்து, வாரக் கடைசியில் பட்டியல் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசையில் வந்து நின்றது. 'பேனா தொலைந்துவிட்டதா?' என்ற வரிசை குடும்பத்தையே ஆட்டிவைத்தது. தொலைந்துபோனால் 'ஆம்' என்று டிக் அடிக்கப் பேனா வேண்டும். பேனா கிடைத்துவிட்டாலோ, 'ஆம்' என்பது பொய்யாகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க மூன்று பேரும் சனிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். டிக் அடிக்கவே நேரம் போதவில்லை, அப்புறம் எங்கே வேலை செய்வது?

அப்போதுதான் கண்காணிப்பாளருக்கு அவருடைய சொந்த அலுவலகம் ஞாபகம் வந்தது. பதிவறையில் இருபத்துமூன்று பதிவேடுகள் உண்டு. அவற்றை அவர் தினந்தோறும் தொடுவதில்லை. திங்கட்கிழமை காலை ஒரே மூச்சில் வெள்ளிக்கிழமை வரைக்கும் டிக் அடித்துவிடுவார். கடைசி நேரத்தில் அவசரப்படக் கூடாது என்ற தொலைநோக்குதான். பதினெட்டு வருஷத்தில் ஒரு புகார் வந்தது கிடையாது. புகார்ப் பதிவேட்டிலும் 'புகார் இல்லை' என்று திங்கட்கிழமையே டிக் அடித்துவிடுவார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், வீட்டுக்கு ஒரு வாரத்து டிக்கை அடித்து முடித்தார். பதினொரு நிமிஷம். தரை துடைத்தாயிற்று, துணி துவைத்தாயிற்று, விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வீட்டில் என்ன ஒரு அமைதி! மூன்று பேரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தங்கள் வீடு தானாக நடப்பதை ரசித்தார்கள்.

புதன்கிழமை மகள் அழுக்குச் சீருடையோடு பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

"நேத்துப் போட்டதுதானே இது?"

"துவைச்சாச்சுன்னு இருக்கேப்பா."

அவர் சுவரைப் பார்த்தார். இருந்தது. சட்டையைப் பார்த்தார். இரண்டில் எழுத்துப்பூர்வமாக இருந்தது சுவர்தான். அதனால் அதையே நம்பினார்.

மனைவி தினமும் வேலை முடிந்து வந்ததும் முப்பத்தேழாம் வரிசையின் முன்னால் போய் நிற்பாள்.

"குடுத்துட்டீங்கல்ல?"

"டிக்கைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

அவளுக்கு வானத்தில் நடப்பது மாதிரி இருந்தது. பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போகப் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டாள். சனிக்கிழமை அந்தச் செருப்பை அலமாரியில் வைக்கப் போனபோது, அவருடைய அலுவலகப் பைக்கு அடியில் உறை கிடைத்தது. ஒட்டிய பசைகூடப் பிரியவில்லை.

அவள் திட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு வருஷங்க" என்றாள்.

எந்தக் கேள்விக்கும் கோப்பு எண்ணோடு பதில் சொல்லிப் பழகிய கண்காணிப்பாளர் அன்றைக்கு அவள் பக்கத்தில் தாமும் தரையில் உட்கார்ந்தார். தான் செய்தது மகா பாவம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை இருவரும் பயிற்சி அலுவலகத்துக்கு ஓடினார்கள். காலில் விழுந்தாவது கேட்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க விண்ணப்பம்தான் வந்துருச்சேம்மா."

"இல்ல சார், இதோ என் கையில இருக்கு."

"கையில இருக்கறது பத்தி எனக்குத் தெரியாது. உங்க நிலையத்துலேருந்து பேரெல்லாம் எழுதி அனுப்பியிருந்தாங்க. எல்லாப் பேருக்கும் நேரே டிக் இருக்கு பாருங்க. விண்ணப்பம் வந்தது, சரிபார்த்தது, தேர்வு செய்தது."

கண்காணிப்பாளருக்குக் கண் பனித்தது. "திங்கக்கிழமையே அடிச்சுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"காலையிலேயே" என்றார் குமாஸ்தா. பிறந்ததிலிருந்து பிரிந்திருந்த அண்ணன் தம்பிபோல இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மனைவிக்கு உயிர் வந்தது. "பயிற்சி எப்ப சார் ஆரம்பம்?"

"முடிஞ்சிருச்சே" என்று குமாஸ்தா மேஜை இழுப்பறையைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். "முதல் வகுப்புல தேறியிருக்கீங்க. வாழ்த்துகள்."

"நான் கத்துக்கணுமே சார்."

"கத்துக்கிட்டதா இருக்கு. மறுபடியும் கத்துக்கிட்டீங்கன்னா ரெட்டைப் பதிவாயிடும். தணிக்கையில நான்தான் மாட்டிக்குவேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா."

இப்படியாக அவள் பரிசோதனை நிலையத்தின் புது மெஷினுக்குப் பொறுப்பாளர் ஆனாள். மெஷின் மேலே போட்ட உறையோடு வந்து இறங்கியது. அதற்கான படிவங்கள் அச்சகத்திலிருந்தே டிக்கோடு வந்தன: ரத்தம் எடுத்தாயிற்று, பரிசோதித்தாயிற்று, எல்லாம் நார்மல். வேலைச் சுமையைக் குறைக்கத்தான். தெரியாத மெஷினைத் தொட மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். மேலாளர் வற்புறுத்தவில்லை. தாமே உறை கழற்றாத மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் படிவத்தை நீட்டினார். அவள் மூலையில் பழைய மேஜையில், பழைய ஊசியோடும் கண்ணாடிக் குழாயோடும், பழைய முறையிலேயே பார்த்தாள்.

ஒரே மாதத்தில் நிலையத்தின் புகழ் எங்கும் பரவிவிட்டது. ஊசி கிடையாது, வலி கிடையாது, ஒருவருக்கும் ஒரு வியாதியும் கிடையாது. மேலாளரின் வரிசை வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, அடுத்த தெருவுக்குள் போனது. மூலை மேஜைக்கு முன்னால் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கண்காணிப்பாளருக்கு ஓயாத தாகமும் தலைச்சுற்றலும் வந்தன. ஒரு நாள் மத்தியானம் மனைவியின் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நிஜமா பாரும்மா" என்றார். வாழ்க்கையில் ஒரு விஷயத்தை நிஜமாகச் செய்யச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, இரண்டு தடவை பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

"சர்க்கரை முந்நூத்தி எழுபது. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. நாளைலேருந்து காலையில ஒரு மணி நேரம் நடக்கணும். பட்டியல்ல நடக்கறது இல்ல, கால்ல நடக்கணும். புரியுதா?" என்று கேட்டபடி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"புரியுது" என்றார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் அந்த நீண்ட வரிசை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. படிவம் வாங்கியவர்கள் துள்ளிக் குதிக்காத குறையாகப் படியிறங்கினார்கள். அந்த டிக்கின் மதிப்பு என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. இருந்தும் தெருமுனை திரும்பி, அடுத்த தெருவின் கோடி வரைக்கும் மூச்சிரைக்க நடந்து போய், வரிசையின் கடைசியில் நின்றவரின் தோளைத் தொட்டார்.

"நீங்கதானே கடைசி?"

திரும்பியவர் ஒரு டாக்டர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்கூட இருந்தது. "ஆமா சார். சீக்கிரம் நில்லுங்க, இடம் போயிடப் போகுது" என்றார்.

கண்காணிப்பாளர் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அதற்குள் நாமெல்லோரும் வந்து நின்றிருந்தோம்.