ஓல்டானும் பழைய சாஃப்ட்வேரும்

தன் வண்டியிலிருந்து இறக்கிய பழைய சாஃப்ட்வேரைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். பிள்ளையார்பாளையத்தில் என் எதிர்வீட்டுக்காரர். பெயர் ஓல்டான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம், தெருவில் இல்லை. காஞ்சிபுரம் – செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை நிறுத்த அவர் போட்ட "ஓல்டான்!" சத்தத்தில் எதிரே வந்த லாரிகளும் நின்றதாகச் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் தொழில் அவரை விடவில்லை. கல்யாணப் பந்திக்குள் நுழைந்ததும், "உள்ள தள்ளி உக்காருபா, நடுவுல காலியா இருக்குது" என்பார். ஒருமுறை சம்பந்தி வீட்டார் இலையோடு எழுந்து தள்ளி உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

ஓசூரில் இருக்கும் மகள் அவருக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தாள். நல்ல வண்டி. ஒருநாள் காலை அதன் திரையில், புதிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே போடலாமா, பிறகு போடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. ஓல்டான் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி கேக்குது இது?"

"அப்டேட்ணே. அமுக்கினா தானா ஏறிக்கும்."

"எங்கேர்ந்து ஏறும்?"

"காத்துலயே வரும்ணே."

ஓல்டான் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "டிக்கெட் இல்லாதவன் ஒருத்தனையும் நான் ஏத்தினதில்ல. காத்துல வர்றவன எப்படி ஏத்துறது? நட, ஷோரூமுக்கு."

போனோம். நான் பின்சீட்டில் உட்கார, என் மடியில் ஒரு காலித் துணிப்பை. எதற்கு என்று கேட்கவில்லை. அவரிடம் கேள்வி கேட்டால் பதிலோடு ஒரு பயணமும் சேர்ந்து வரும்.

ஷோரூமில் நிர்மலா என்ற பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். வண்டிகளை வாங்கி, குறையைக் கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை.

"இதுக்கு ஏன் அங்கிள் இவ்ளோ தூரம்? வீட்லயே போட்டுக்கலாமே."

"இன்னா ஏறுது, இன்னா எறங்குது, அத்த சொல்லுமா மொதல்ல."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சின்னச் சின்ன பக் எல்லாம் சரி பண்ணியிருக்காங்க."

"பக்னா?"

"பூச்சி அங்கிள்."

ஓல்டான் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். "எத்தினி பூச்சி?"

"எண்ணிக்கை போடல அங்கிள்."

"எண்ணாமயா எறக்குறாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நிர்வாகம் கெட்டுவிட்டது என்ற துக்கம் அவர் குரலில் இருந்தது.

அப்டேட் ஏற ஆரம்பித்தது. திரையில் சதவீதம் ஓட, ஓல்டான் பக்கத்தில் நின்று ஊர் சொன்னார். "பத்து... ஐயம்பேட்டை தாண்டிடுச்சு. முப்பது... வாலாஜாபாத், எறங்குறவங்க எறங்கு. அறுபது... பழையசீவரம்." தொண்ணூற்றொன்பதில் போய் அது நின்றுவிட்டது. காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். "பயப்படாதீங்க. செங்கல்பட்டு ஸ்டாண்டு வாசல் இது. உள்ள பஸ்ஸு நிறைய நிக்குது, எடம் கிடைச்சா போவும்" என்று ஓல்டான் தைரியம் சொன்னார். அந்தக் கடைசி ஒன்று ஏறியபோது ஒருவர் கைதட்டினார்.

அதன் பிறகுதான் துணிப்பையை விரித்தார்.

"பழசைக் குடுமா."

"எந்தப் பழசு அங்கிள்?"

"பிரேக் ஷூ மாத்தினா பழசைக் கையில குடுக்குறீங்கல்ல? அந்த மாதிரி பழைய சாஃப்ட்வேரைக் குடு. என் வண்டியில இருந்தது, என்னுதுதானே?"

நிர்மலா உதவி கேட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவள் தன் கைப்பையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்துப் பையில் போட்டாள். "இதுல இருக்குது அங்கிள்."

திரும்பும் வழியெல்லாம், "குலுங்காம புடி தம்பி, உள்ள கலங்கிடும்" என்றுகொண்டே வந்தார்.

நான்காம் நாள் ஓல்டான் என் வீட்டு வாசலில் நின்றார். முகம் செத்திருந்தது. "ரைட் குடுத்தா யோசிக்குது தம்பி. காந்தி ரோட்டுல ஒரு பசுமாடு என்னை முந்திக்கினு போவுது. ஹாரன் அடிச்சேன். திரும்பிப் பாத்துட்டு, வழி விட்டுட்டுப் பின்னாடி வருது. அசிங்கமா இருக்குதுபா."

மறுபடி ஷோரூம். நிர்மலா சாப்பிடப் போயிருந்தாள். கழுத்தில் டை கட்டிய மேலாளர் இருந்தார். ஓல்டான் பென் டிரைவை மேசைமேல் வைத்தார்.

"புதுசு சரியில்ல சார். பழசு இதுல இருக்குது. திருப்பி ஏத்து."

"இதை யார் குடுத்தது?"

"உங்க நிர்மலாதான்."

மேலாளர் அதைச் செருகினார். அவருடைய கம்ப்யூட்டர் வாடிக்கையாளர்களுக்கு விளம்பரம் காட்டும் பெரிய திரையோடு இணைந்திருந்தது. அந்தத் திரை முழுக்க ஜாக்கெட் டிசைன்கள். மயில் வைத்த முதுகு, குஞ்சம் வைத்த முதுகு, ஒன்றுமே வைக்காத முதுகு. பிரேக் பார்க்க வந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நிர்மலா டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"கஸ்டமர்கிட்ட பொய் சொல்லி இதைத்தான் குடுத்தியா?" என்றார் மேலாளர். "நாளையிலேர்ந்து வரவேணாம்."

அவள் டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் கைப்பையை எடுத்தாள்.

ஓல்டான் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். ஷோரூமே நின்றது.

"தப்பு என்னுது சார். இது என் பொண்ணோடது. அவசரத்துல மாத்தி எடுத்துக்கினு வந்துட்டேன். அந்தப் பொண்ணு குடுத்தது வீட்ல பத்திரமா இருக்குது."

மேலாளர் திரையைப் பார்த்தார். "உங்க பொண்ணுக்கு இத்தனை ஜாக்கெட்டா?"

"ஓசூர்ல குளிர் ஜாஸ்தி சார்."

"முதுகே இல்லாத ஜாக்கெட்டு சார் இதெல்லாம்."

"அதான் இத்தனை போடுது."

மேலாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். அதற்குமேல் விசாரிக்க அவருக்குத் தெம்பில்லை. "போய் வேலையைப் பாரும்மா" என்று நிர்மலாவிடம் முணுமுணுத்தார். மெக்கானிக் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். அப்டேட்டுக்குப் பிறகு வண்டி சிக்கன ஓட்டத்துக்கு மாறியிருந்திருக்கிறது. வலதுகைப் பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி சீறியது. அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். "என்னண்ணே, அந்தப் பொண்ணு உங்களை ஏமாத்தியிருக்கு. நீங்க அதுக்காகப் பொய் சொல்றீங்க."

"பின்னாடி பஸ்ஸு காலியா வருதுன்னு சொல்லி எத்தினி பேர எறக்கி விட்டிருக்கேன் தெரியுமா? பின்னாடி பஸ்ஸே இருக்காது. கூட்டத்தைச் சமாளிக்கணுமே தம்பி. அதுவும் அன்னைக்கு அதைத்தானே பண்ணிச்சு, பாவம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஓல்டான் ஷோரூமுக்குப் போனார். தனியாக அல்ல. எங்கள் தெருவின் ஏழு மின்சார ஸ்கூட்டர்களையும் வரிசையாக நிறுத்தி, விசில் ஊதி, தன் வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கடைசியாக நிற்கும் என் புது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கண்டக்டர் முன்னால் போகக் கூடாதாம். நிர்மலா ஏழு வண்டிக்கும் ஏறியது இறங்கியது எல்லாம் தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பாள். அவள் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் தெருவில் ஏழு பத்திரிகை வந்தது. பந்தியில் எல்லோரையும் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னது ஓல்டான் அல்ல, நிர்மலா.

போன ஆவணியில் மகள் அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி இறக்குகிறாராம். வேன் டிரைவரின் கதி என்னவென்று தெரியவில்லை.

என் வண்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் ஒரு அப்டேட் வந்தது. இப்போதா, பிறகா என்று தினமும் காலையில் கேட்கிறது. நானும் தினமும் 'பிறகு' என்றே அமுக்கிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு ஓல்டான் வருகிறாராம்.