வெற்றுக் குழியில் நீலம்

சோதனைத் தட்டில் நிறமே வரக்கூடாத குழிகளில்தான் நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"போச்சு! ஆன்டிபாடி கெட்டுப்போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஆய்வாளர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

சளி, எச்சில், குடல் என்று மனித உடம்பில் எங்கெல்லாம் வழவழப்போ, அங்கெல்லாம் இருக்கும் புரதம் மியூசின். அது துளியூண்டு இருந்தாலும் இந்த ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும், சாயம் நீலமாகும். வெறும் உப்புநீர் விட்ட குழி நீலமானால் சோதனையே குப்பை.

"அண்ணா, ஒரு நிமிஷம்..." பக்கத்து மேசைக்காரி ஒரு மாஸ்க்கை நீட்டினாள். இவருக்கு உடன்பிறக்காத தங்கை, பல வருஷமாகக் கூட வேலை பார்ப்பவள்.

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. கடைவாயில் ஒரு சொத்தைப் பல். வீட்டில் மனைவியே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"என் வாய் நாறுதுன்னு குத்திக் காட்றியா?"

"ஐயோ, அதில்லண்ணா..."

"பேசாத! ஆன்டிபாடிய ஃப்ரிட்ஜுக்கு வெளிய வச்சுக் கெடுத்ததே நீதான்!"

மாஸ்க் குப்பைக்கூடைக்குப் போனது. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று அவருக்கே தெரியும். ரோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அது இயக்குநர் காதுக்குப் போய், அவர் கூப்பிட்டுக் கேட்டபோது ரேடியோ வீம்புக்கு அதையே திரும்பவும் சொன்னார். தங்கையைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இனி அவளுக்கு ஆராய்ச்சி கிடையாது, அட்டைப்பெட்டிகளோடுதான் பிழைப்பு.

புது ஆன்டிபாடி வந்தது. அதிலும் நீலம்!

அப்படியென்றால் அவள் மேல் தப்பே இல்லை. அநியாயமாக ஒருத்தி வாழ்க்கையில் மண்ணைப் போட்டாயிற்றே! ரேடியோ இயக்குநரிடம் ஓடினார்.

"காரணத்தக் கண்டுபிடிங்க. அவங்களத் திருப்பிக் கூப்பிடுறேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து ரேடியோ தட்டின்மேல் மூக்கு உரசக் குனிந்து, ஒவ்வொரு குழியையும் விரட்டி விரட்டி விசாரித்தார். "ஏய், நீ ஏன் நீலமாகுற? உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? என் தங்கச்சி அங்க பெட்டி தூக்குறாடா!" அவர் கெஞ்சக் கெஞ்ச, போன தடவை தெளிவாக இருந்த குழிகளிலும் நீலம் ஏறியது.

இதற்கிடையில் பல்வலி உயிரைத் தின்றது. பல் டாக்டர் பிடுங்கிப் போட்டுவிட்டு வாய் நிறையப் பஞ்சை அடைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

நேரே ஆய்வகத்துக்கு வந்து, வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார். சாயம் விட்டுவிட்டுப் பார்த்தால், வெற்றுக் குழிகள் அத்தனையும் நிறமில்லாமல் வெறும் தண்ணீராகக் கிடந்தன!

தட்டைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடினார். அங்கே அவள் தலையில் தூசியோடு பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்படிச் சரியாயிற்று என்று இவருக்கே புரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால் பஞ்சு விடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது.

அவள் தட்டைப் பார்த்தாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள்.

"நான் மாஸ்க் குடுத்தது உங்க வாய் நாறுதுன்னு இல்லண்ணா, பேசப் பேச உங்க எச்சில் தட்டுல தெறிச்சுதுன்னுதான்."