டோரீன் டீச்சருக்கு ஃப்ரீயாக ஒரு சிரிப்பு

"காந்தா, எரியுது" என்றார் டோரீன் டீச்சர். வாயைப் பிளந்து வைத்திருந்த பிளாஸ்டிக் வளையத்துக்குள்ளிருந்து அது "ஆந்தா, எழியுழு" என்றுதான் வெளியே வந்தது.

"எரிஞ்சாத்தான் டீச்சர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் காந்தா. ஓட்டல் ஹாலில் ஒரே ஒரு நாள் நடந்த பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அது.

மர்பி டவுனில் பன்னிரண்டு வருஷமாகப் பார்லர் நடத்துகிறாள். புருவம், ஃபேஷியல், கல்யாணப் பெண் மேக்கப். மூன்று மாதமாகத்தான் பல் வெளுப்பு. பயிற்சி முடிந்ததும் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஜெல், நீல விளக்கு, சுவரில் மாட்ட ஒரு சர்டிபிகேட், ஒரு வெள்ளைக் கோட்டு. கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் காய்கறிக்காரர்கூட "மேடம்" என்றார்.

டோரீன் டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. தம்பிகள் இருவரையும் கரையேற்றி முடிக்க இத்தனை காலம் ஆகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் தியோடருக்கும் நிச்சயதார்த்தம். "போட்டோல வாயை மூடிக்கிறேன் காந்தா, சிரிச்சா மஞ்சளாத் தெரியுது" என்று அவர் சொன்னதைக் காந்தாவால் தாங்க முடியவில்லை.

"பல்லு தெரியச் சிரிக்கணும் டீச்சர் நீங்க. இது என் கிஃப்ட்டு."

மற்றவர்களுக்கெல்லாம் பயந்து பயந்து பாதி நேரம்தான் விளக்கைப் பிடிப்பாள். டீச்சருக்கு மட்டும் ஆசையாக முழு நேரமும் பிடித்தாள்.

வளையத்தைக் கழற்றியபோது பல் வெளுத்திருந்தது. ஈறும் வெளுத்திருந்தது, வேகவைத்த முட்டை மாதிரி.

"சரியாயிடும் டீச்சர்" என்று முகத்துக்குப் பூசும் கற்றாழை ஜெல்லை ஈறில் தடவினாள். டீச்சருக்குக் குமட்டியது. கிராம்புத் தைலம் வைத்தாள். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஐஸ் தண்ணீரைக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் டீச்சர் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உதடு வீங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தியோடரின் போன்.

"டோரீன், கேக் ஆர்டர் பண்ண வந்திருக்கேன். நீ சந்தோஷமாத்தானே இருக்கே?"

"உம்ம்ம்… ஆஆ…"

"ஏன் அழறே? யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா?"

காந்தா போனைப் பிடுங்கினாள். "சார், நான் பார்லர் காந்தா. டீச்சரால இப்ப பதில் சொல்ல முடியாது சார். கொஞ்சம் டைம் குடுங்க."



"புரியுதும்மா" என்றார் தியோடர். "கேக் வேணாம்னு சொல்லிடறேன்."

வேறு வழியில்லாமல், டீச்சரைக் கைத்தாங்கலாகத் தெருமுனைக்கு அழைத்துப்போனாள். அங்கேதான் பல் டாக்டர் சேஷகிரியின் கிளினிக் இருந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் காந்தா எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள்.

டாக்டர் டீச்சரின் வாயைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, காத்திருந்த பத்துப் பேர் முன்னால் காந்தாவைப் பார்த்தார்.

"ஏனம்மா, நீ டாக்டரா?"

"இல்ல சார்."

"புருவம் திருத்துறவ பல்லுல கை வைப்பியா? ரெண்டு பல்லுக்கு ரூட் கெனால் பண்ணணும். ஈறு ஆற மாசம் ஆகும். போலீசைக் கூப்பிடட்டா?"

"தப்புதான் சார். இன்னிக்கே அந்தப் பெட்டியைக் குப்பைல போட்டுடறேன்." சொல்லும்போதுதான் அந்த வெள்ளைக் கோட்டு இன்னும் தன் மேலேயே இருப்பது தெரிந்தது. எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள்.

ஒரு மணி நேரம் கழித்து டீச்சர் வெளியே வந்தார்.

"டீச்சர், ஆட்டோ பிடிக்கட்டா? தியோடர் சார்கிட்ட நானே போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்…"

டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் தனியாகப் படியிறங்கிப் போனார். பன்னிரண்டு வருஷமாகத் தன் விரலடியில் கண்ணை மூடிக்கொண்டு நம்பிப் படுத்திருந்த முகம் அது.

காந்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிளினிக் ரிசப்ஷனில் இருக்கும் டீனா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"அழாதீங்கக்கா. நாலு பேர் முன்னாடி அவரு அப்படித்தான் திட்டுவாரு."

பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அதை அனுப்புறதே நம்ம டாக்டர்தான், மத்த பார்லர்லேருந்தெல்லாம் வாரத்துக்கு மூணு பேர் இதே மாதிரி வாய் வெந்து வராங்க, உங்ககிட்டேருந்து மூணு மாசத்துல இவங்கதான் முதல் ஆளு, இனிமே எல்லாருக்கும் இதே மாதிரி முழு நேரம் லைட் பிடிக்கச் சொன்னாரு."